ஆள் இல்லாத ஆற்றங்கரை

வாடகை கிடையாது. முன்பதிவு கிடையாது. வாசலில் சீட்டுக் கிழிக்க ஆள் கிடையாது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, முகாமிடத்துக்குள் பிடித்த இடத்தில் கூடாரம் அடித்துக்கொள்ள வேண்டியதுதான். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் வடமேற்கு மூலையில் பிரவுன்ஸ் பார்க் என்றொரு வனவிலங்குப் புகலிடம் இருக்கிறது. வலசை வரும் வாத்துகளுக்காக ஒதுக்கப்பட்ட இடம். அதன் நடுவே கிரீன் ஆறு வளைந்து வளைந்து ஓடுகிறது. கரையோரம் இலவச முகாமிடங்கள் உண்டு. ஒன்றின் பக்கத்தில் ஆற்றைக் கடக்க ஒரு தொங்கு பாலம் இருக்கிறது. முகாமுக்கும் அந்தப் பாலத்தின் பெயர்தான்.

இலவசம் என்றதும் ஆசையாக இருக்கிறதா? கொஞ்சம் பொறுங்கள். அங்கே குடிதண்ணீர்க் குழாய் இல்லை. மின்விளக்கு இல்லை. குப்பை அள்ள யாரும் வரமாட்டார்கள்.

நம் ஊரில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. அதைச் சுத்தம் செய்து அனுப்ப எங்கேயோ ஒருவர் வேலை செய்கிறார். சாக்கடையைப் பார்த்துக்கொள்ள ஒருவர், தீப்பிடித்தால் மணியடித்துக்கொண்டு வர சிலர். மேட்டூர் அணையில் தண்ணீர் திறந்தால், கரையோர மக்கள் மேட்டுக்குப் போகும்படி ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போக ஒரு வண்டி. பிரவுன்ஸ் பார்க்கில் கூடாரம் அடிக்கிறவர் இத்தனை பேருடைய வேலையையும் தானே பார்க்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் அறிவியல் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் வேலை, எங்கே படுப்பது என்று தீர்மானிப்பது. ஆற்றை ஒட்டி மணல் பரப்பு இருக்கும். பட்டுப்போல் சமமாக, கல் இல்லாமல், படுக்க வசதியாக. அங்கே படுக்கக் கூடாது. அந்த மணலைச் சமமாகப் பரப்பி வைத்தது யார்? ஆறுதான். தண்ணீர் வேகமாக ஓடும்போது கல்லையும் உருட்டும். வேகம் குறையும்போது முதலில் கனமான கல்லைக் கீழே போடும், பிறகு மணலை, கடைசியாக வண்டலை. ஆகவே மெத்தை போன்ற மணல் இருக்கும் இடம், ஆறு சமீபத்தில் வந்துபோன இடம்.

இன்னும் சில தடயங்கள் உண்டு. புதரின் கிளைகளில் காய்ந்த புல்லும் சுள்ளியும் சிக்கித் தொங்குகின்றனவா? அந்த உயரம்வரை ஒரு நாள் தண்ணீர் வந்திருக்கிறது. மரப்பட்டையில் சேற்றுக் கோடு தெரிகிறதா? அதுவும் வெள்ளம் போட்ட கோடுதான். கரையோரம் குப்பைகூளம் நீளமாக ஒரு வரிசையில் ஒதுங்கிக் கிடந்தால், அந்த வரிசைக்கு மேலே ஏறிப் படுங்கள். தண்ணீரிலிருந்து அறுபது மீட்டராவது தள்ளி இருப்பது நல்லது. விலங்குகள் தண்ணீர் குடிக்க வரும் வழியை மறிக்காமல் இருக்கவும் அந்த இடைவெளி உதவும்.

பக்கத்திலுள்ள வறண்ட ஓடைகளை நம்பவே கூடாது. உங்கள் தலைக்கு மேலே வெயில் காய்ந்துகொண்டிருக்கும். பல கிலோமீட்டர் தள்ளி மலையில் இடிமழை கொட்டும். பாறையும் கட்டாந்தரையுமாக இருக்கும் நாட்டில் மழைநீர் மண்ணுக்குள் இறங்காது. அப்படியே வழிந்து ஓடையில் சேர்ந்துவிடும். இதே கொலராடோ மாநிலத்தில் 1976 ஜூலை 31 மாலை பிக் தாம்சன் ஆற்றின் மலைப்பகுதியில் சில மணி நேரத்துக்குள் 30 சென்டிமீட்டர் அளவுக்கு மழை பெய்தது. பள்ளத்தாக்கில் தங்கியிருந்தவர்களில் 140-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே பெரியவரின் காலை வாரிவிடும். 30 சென்டிமீட்டர் இருந்தால் சின்னக் காரை நகர்த்திவிடும்.

"மழையே பெய்யாவிட்டால் பயமில்லையே?" என்று கேட்பீர்கள். கிரீன் ஆற்றில் இன்னொரு விசித்திரம் உண்டு. மழை ஒரு சொட்டுகூட விழாமல், மேகம் ஒன்றுகூட இல்லாமல், ஆறு ஏறும், இறங்கவும் செய்யும்.

காரணம் ஆற்றின் மேல்போக்கில் இருக்கிறது. பக்கத்து மாநிலமான யூட்டாவில், ஆற்றின் குறுக்கே ஃபிளேமிங் கார்ஜ் அணை நிற்கிறது. 1964-இல் கட்டி முடித்தார்கள். உயரம் சுமார் 153 மீட்டர். அங்கே ஓடும் தண்ணீரில் மின்சாரம் எடுக்கிறார்கள். நகரங்களில் மக்கள் ஏ.சி.யைப் போட்டால் மின்சாரம் கூடுதலாகத் தேவைப்படும். கூடுதல் தண்ணீரை விசையாழிகளுக்குள் விடுவார்கள். குறைவாகத் திறக்கும்போது நொடிக்கு 23 கன மீட்டர் அளவில் போகும் ஆறு, விசையாழிகள் முழு மூச்சில் ஓடும்போது 130 கன மீட்டர் அளவுக்குப் போகும். அந்த உயர்வு ஆற்றோடு நடந்து பிரவுன்ஸ் பார்க் வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். எங்கோ ஒரு நகரத்தில் பகல் வெயிலுக்குப் போட்ட ஏ.சி., நடுராத்திரி உங்கள் கூடாரத்துப் பக்கம் ஆற்றை உயர்த்தலாம்! கரையில் இழுத்துப் போட்ட படகைக் கட்டி வைக்காவிட்டால் காலையில் படகு இருக்காது.

ஆறு ஏறுகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு குச்சி போதும். தண்ணீர் தொடும் இடத்தில் குச்சியை நட்டு, நீர்மட்டத்தில் கத்தியால் ஒரு கீறல் போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். கீறல் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால் ஆறு ஏறுகிறது. அணைகளில் நீர்மட்டம் பார்க்க நிறுத்தியிருக்கும் அளவுகோலும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதில் எண்கள் எழுதியிருக்கும், அவ்வளவுதான்.

வெள்ளத்தைப் பற்றி இவ்வளவு பயமுறுத்திவிட்டேன். இப்போது அதற்குப் பரிந்தும் பேச வேண்டும். எனக்கு இந்த இடத்தில் மிகவும் பிடித்த கதை இதுதான்.

முகாமில் நிழல் தரும் பெரிய மரங்களுக்கு காட்டன்வுட் என்று பெயர். கோடைத் தொடக்கத்தில் அவற்றின் காய் வெடித்து, பஞ்சு ஒட்டிய சின்னஞ்சிறு விதைகள் காற்றில் பறக்கும். அந்த விதைக்குப் பொறுமை கிடையாது. ஓரிரு வாரத்துக்குள் முளைத்தாக வேண்டும். புல் மண்டிய தரையில் விழுந்தால் பிழைக்காது. வெயில் படும் வெற்று மண் வேண்டும், அதுவும் ஈரமான மண். அப்படி ஒரு நிலம் எப்போது கிடைக்கும்? மலையில் பனி உருகி வெள்ளம் வந்து, புல்பூண்டை அடித்துக்கொண்டு போய், புது வண்டலைப் பரப்பிவிட்டு மெல்ல வடியும்போதுதான். வடிவதும் மெல்ல நடக்க வேண்டும். நிலத்தடி ஈரம் நாளுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறங்கினால் நாற்றின் வேர் துரத்திப் பிடித்துவிடும். அதைவிட வேகமாக இறங்கினால் நாற்று காய்ந்துபோகும்.

அணை கட்டிய பிறகு கிரீன் ஆற்றில் பழைய பெருவெள்ளம் வருவதில்லை. அதனால் பிரவுன்ஸ் பார்க்கில் காட்டன்வுட் கன்றுகள் முளைப்பது வெகுவாகக் குறைந்துபோனது. தாத்தா மரங்கள் நிற்கின்றன, பேரப்பிள்ளைகளைக் காணோம். பக்கத்தில் யாம்பா என்று இன்னோர் ஆறு ஓடுகிறது. அதன் குறுக்கே பெரிய அணை இல்லை. வருஷா வருஷம் பனி உருகினால் வெள்ளம் வரும். அங்கே இளமரங்களும் வளர்கின்றன. தாவரவியலாளர்கள் இந்த இரண்டு ஆற்றங்கரைகளையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் காரணத்தைப் புரிந்துகொண்டார்கள்.

ஆக, நாம் எந்த வெள்ளத்துக்குப் பயந்து மேட்டில் ஏறிப் படுத்தோமோ, அதே வெள்ளம்தான் நமக்கு நிழல் தரும் மரத்தை நட்டுவிட்டுப் போயிருக்கிறது. மீன்களுக்கும் வெள்ளம் வேண்டும். ரேஸர்பேக் என்ற அருகிவரும் மீன் இந்த ஆற்றில் வாழ்கிறது. அதன் குஞ்சுகள் வெள்ளம் பரவிய சதுப்பு நிலத்துக்குள் ஒதுங்கினால்தான் தின்று வளர முடியும். 2012 முதல், கீழே யூட்டாவில் ரேஸர்பேக் குஞ்சுகள் தென்பட்டதும் ஆராய்ச்சியாளர்கள் தகவல் சொல்ல, அதற்கேற்ற நேரத்தில் அணையிலிருந்து கூடுதல் தண்ணீர் திறந்துவிடுகிறார்கள். விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகள் கேட்டு, 153 மீட்டர் அணை கதவு திறக்கிறது.

பெரிய மரத்தடியில் கூடாரம் அடிப்பதற்கு முன் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். காய்ந்த கிளை இருந்தால் அங்கே வேண்டாம். காற்றில்லாத நாளிலும் காட்டன்வுட் கிளையை உதிர்த்துவிடும்.

பொழுது சாய்ந்துவிட்டது. பகலில் சட்டையைக் கழற்றிப் போடும்படி வெயில் அடித்த இடம், ராத்திரி நடுக்கும். பிரவுன்ஸ் பார்க் கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்றில் ஈரப்பதம் குறைவு. பகலில் சூடான தரை, ராத்திரி அந்த வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வானத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். காற்றில் நீராவியும் மேகமும் நிறைய இருந்தால் அவை அந்த வெப்பத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தரும். சென்னை ராத்திரி புழுங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். வறண்ட காற்றில் அந்தத் தடுப்பு குறைவு. தரை வேகமாகக் குளிரும். தரையைத் தொட்ட காற்றும் குளிரும். குளிர்ந்த காற்று கனமானது, ஆகவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் வந்து தேங்கும். பள்ளம் என்றால் எது? ஆற்றங்கரை!

மாலையில் ஆற்றோரத்திலிருந்து மேட்டை நோக்கி மெல்ல நடந்து பாருங்கள். சில மீட்டர் உயரம் ஏறியதுமே முகத்தில் வெதுவெதுப்பு படுவது தெரியும். வெப்பமானி கூட வேண்டாம், கன்னமே போதும். வெள்ளத்துக்குப் பயந்து மேடேறிய ஆளுக்குக் குளிரும் கொஞ்சம் குறைகிறது, புல்லில் பனியும் குறைவாக இறங்குகிறது. இப்படி ஒரே இடம் இரண்டு கேள்விக்கும் விடையாவது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும்.

குளிரில் பலர் மேலே போர்த்திக்கொள்வதைப் பற்றியே யோசிப்பார்கள். கீழே விரிப்பதுதான் முக்கியம். கம்பளி நம்மைச் சூடாக வைத்திருப்பது அதன் இழைகளுக்குள் அடைபட்ட காற்றால்தான். நம் எடையில் அடிப்பக்கம் நசுங்கினால் காற்று வெளியேறிவிடும்; குளிர்ந்த தரை நம் உடல் வெப்பத்தை உறிஞ்சும். அதற்காகத்தான் நுரைப் பாயோ காற்றடைத்த மெத்தையோ விரிக்கிறார்கள்.

சரி, குளிர்கிறதே, நெருப்பு மூட்டலாமா? மூட்டுவதற்கு முன் ஒரு பழைய கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1869 மே 24 அன்று ஜான் வெஸ்லி பவல் என்பவர் ஒன்பது துணைவர்களோடும் நான்கு படகுகளோடும் இந்தக் கிரீன் ஆற்றில் இறங்கினார். நிலவியல் ஆசிரியர். உள்நாட்டுப் போரில் வலது கையை இழந்தவர். ஆற்றின் போக்கையே வெள்ளையர்களின் வரைபடம் அப்போது சரியாகக் காட்டவில்லை. அவர்கள் பிரவுன்ஸ் பார்க்கைத் தாண்டி, லடோர் என்ற செங்குத்தான பள்ளத்தாக்குக்குள் நுழைந்தார்கள். அங்கே ஒரு படகு பாறையில் மோதி நொறுங்கியது. சில நாள் கழித்து, ஜூன் மாதத்தில், கரையில் முகாமிட்டுச் சமைத்துக்கொண்டிருந்தபோது திடீரென்று ஒரு சுழல்காற்று வந்தது. அடுப்பு நெருப்பை வாரி, காய்ந்த வில்லோப் புதர்களின்மேல் இறைத்தது. நிமிடத்தில் கரை முழுக்கத் தீ. எல்லோரும் படகுகளுக்கு ஓடினார்கள். சிலருடைய துணியும் தாடியும் கருகின. சமையல்காரர் இருந்த பாத்திரங்களையெல்லாம் இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு படகில் தாவினார். கால் இடறியது. தட்டு, கரண்டி, கத்தி எல்லாம் ஆற்றுக்குள்! அதன்பிறகு அந்தப் பயணத்தில் சாப்பாட்டுத் தட்டுக்கே திண்டாட்டம்.

ஆற்றுப் பயணங்களில் சமைக்கிறவர்கள் இன்றைக்கும் அந்தப் பாடத்தைப் பின்பற்றுகிறார்கள்: நெருப்பைப் புதரிலிருந்து விலக்கி, கால் வைத்த இரும்புத் தட்டில் மூட்டுகிறார்கள். காற்றடிக்கும் நாளில் மூட்டுவதே இல்லை. வறண்ட மாதங்களில் தீ மூட்டவே தடை இருக்கும். கிளம்புவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

அடுப்புக்கு ஆற்றுக்குள் கிடக்கும் கூழாங்கற்களை எடுத்து அடுக்கினால் என்ன ஆகும்? கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகளும் விரிசல்களும் இருக்கின்றன. வருஷக்கணக்கில் தண்ணீரில் கிடந்ததால் அவற்றுக்குள் நீர் ஊறியிருக்கும். நெருப்பில் அது நீராவியாகும்போது 1,600 மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். வெளியேற வழியில்லாவிட்டால் கல் 'படார்' என்று வெடித்துச் சில்லு பறக்கும். கல் வேண்டுமானால் மேட்டில் காய்ந்து கிடப்பதை எடுங்கள்.

அணைக்கும்போது மணலைப் போட்டு மூடிவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். மணல் வெப்பத்தை எளிதில் கடத்தாது. மூடிய கங்கு பல மணி நேரம் உள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். மறுநாள் காலை வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தைக்கு அங்கே நெருப்பு இருப்பது எப்படித் தெரியும்? தண்ணீர் ஊற்ற வேண்டும், கிளற வேண்டும், மறுபடி ஊற்ற வேண்டும். புறங்கையை மெல்லக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தால் சூடு துளியும் தெரியக் கூடாது.

அடுத்த விஷயத்துக்குச் சிரிக்கக் கூடாது. இப்படிப்பட்ட பல இடங்களில் கழிப்பறை இருக்காது. வழக்கம் என்னவென்றால், தண்ணீரிலிருந்து அறுபது மீட்டராவது விலகிப் போய், 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி, பிறகு மூடுவது. ஏன் அந்த ஆழம்? கழிவைத் தின்று மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மேல்மண்ணில்தான் அதிகம். ஆழமாகப் போனால் அவை குறைவு. ஆழம் போதாவிட்டால் விலங்குகள் தோண்டிவிடும், மழை அடித்து ஆற்றில் சேர்த்துவிடும். ஆனால் பாலை நிலத்தில் இந்தக் கணக்கும் சரிப்படாது. ஈரமில்லாத மண்ணில் நுண்ணுயிர்கள் மெதுவாகத்தான் வேலை செய்யும். அதனால் அங்கே பலர் கெட்டியான பையில் எடுத்துப் போய்விடுகிறார்கள். குழந்தைகளின் டயப்பருக்குள் இருக்கும் உறிஞ்சும் தூள்தான் அந்தப் பைக்குள்ளும் இருக்கிறது. லடோர் பள்ளத்தாக்கில் படகில் போகிறவர்கள் கழிவைப் பெட்டியில் சேர்த்து வெளியே கொண்டுவந்தாக வேண்டும் என்று விதியே உண்டு. கரையில் மணல் கொஞ்சம், வருகிறவர்கள் நிறைய. புதைத்துக்கொண்டே போனால் படுக்க இடம் ஏது?

சோப்பும் அப்படித்தான். 'இயற்கையானது' என்று எழுதியிருந்தாலும் ஆற்றுக்குள் வேண்டாம். மண்ணில் ஊற்றினால் அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கும்; ஆற்றில் கலந்தால் மீனின் செவுள்களுக்குக் கெடுதல்.

கடைசியாகத் தண்ணீர். காலடியில் ஓர் ஆறே ஓடுகிறது, ஆனால் குடிக்க ஒரு தம்ளர் இல்லை. ஆறு தெளிவாக இருந்தாலும் நம்ப முடியாது. ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி, மாடு, நீர்நாய், மனிதர் போன்றோரின் கழிவோடு தண்ணீரில் கலக்கும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும், தண்ணீரைக் கலங்கலாக்காது. வயிற்றை மட்டும் நன்றாகக் கலக்கிவிடும். கொதிக்க வைத்தால் செத்துவிடும். 1,600 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் அங்கே தண்ணீர் 100 டிகிரி வரை போகாது. சுமார் 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். கிருமியைக் கொல்ல அதுவும் போதும். நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வேண்டும். 2,000 மீட்டருக்கு மேலே போனால் மூன்று நிமிடம்.

மழைக்குப் பிறகு கிரீன் ஆறு பெயருக்கு ஏற்றபடி இருக்காது, செம்மண் குழம்பாக வரும். வடிகட்டியில் ஊற்றினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். வாளியில் வைத்துக் காத்திருந்தால் மணல் படியும், களிமண் படியாது. களிமண் துகள்கள் மிக நுண்ணியவை. எல்லாமே எதிர் மின்னூட்டம் கொண்டவை. ஒரே மின்னூட்டம் கொண்டவை ஒன்றையொன்று தள்ளும் அல்லவா? அதனால் ஒட்டிக்கொள்ளாமல் நாள்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். ஆற்றுப் படகோட்டிகள் வாளியில் கொஞ்சம் படிகாரத் தூளைப் போட்டுக் கலக்குவார்கள். படிகாரத்தில் அலுமினியம் இருக்கிறது. அதன் நேர் மின்னூட்டம் களிமண்ணின் எதிர் மின்னூட்டத்தை ஈடுகட்டிவிடும். தள்ளுவது நின்றதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பஞ்சுத் திரளாகி, கனத்து, அடியில் போய் உட்காரும். நம் ஊரில் கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்கத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்க்கும் வழக்கம் இருந்தது. அந்தக் கொட்டையில் இருக்கும் பொருள்களும் களிமண் துகள்களைத் திரளவைக்கின்றன.

இதை நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி களிமண்ணைக் கரையுங்கள். ஒரு தம்ளரில் மட்டும் நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் படிகாரத்தைத் தூளாக்கி ஒரு சிட்டிகை போட்டு, முதலில் வேகமாகவும் பிறகு மிக மெதுவாகவும் சில நிமிடம் கலக்குங்கள். இரண்டையும் அசையாமல் வைத்துவிட்டு, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எந்த உயரம்வரை தெளிந்திருக்கிறது என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கையில் படிகாரம் பட்டால் கழுவிவிடுங்கள். தெளிந்த தண்ணீரில் மண் இல்லை, கிருமி இருக்கும். அதைக் குடிக்காமல் ஏதாவது செடிக்கு ஊற்றிவிடுங்கள்.